அவனுக்காகப் பேச ஒருவர்
குற்றஞ்சாட்டப்பட்டோர் உரிமையின் வரலாறு

சிலப்பதிகாரத்து மதுரையில் கோவலன் கொலையுண்டது ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பி. கள்வன் இவன் என்றான் அவன், மன்னன் காவலரை ஏவினான், வாள் வீழ்ந்தது. இடையில் நடந்திருக்க வேண்டிய மூன்று காரியங்கள் நடக்கவில்லை. உன்மேல் சாட்டப்படும் குற்றம் இன்னது என்று கோவலனிடம் எவரும் கூறவில்லை. உன் மறுமொழி யாது என்று அவையில் நிறுத்தி எவரும் வினவவில்லை. அவனுக்காகப் பேச ஒருவரும் அங்கில்லை. பின்னர்க் கண்ணகி பேசினாள், சான்று காட்டினாள், வழக்கை வென்றாள். ஆனால் அது, யாருக்காகப் பேசினாளோ அவன் மாண்டபின் நிகழ்ந்த வாதம்.

காப்பியம் சுட்டிய இம்மூன்று குறைகளையும் நீக்கும் விதி இந்திய அரசியலமைப்பின் 22ஆம் பிரிவில் இடம்பெற்றது. கைதான காரணம் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து, அவரைக்கொண்டு எதிர்வாதம் செய்யும் உரிமை வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்பட வேண்டும். இவ்வுரிமை தாளில் ஏறிய கதை ஒன்று; எளியவர் கைக்கு வந்து சேர்ந்த கதை மற்றொன்று. இரண்டாம் கதையே நெடியது.

தடையில்லை என்ற காலம்

இங்கிலாந்திலேயே, பெருங்குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் ஜூரிகளை நோக்கி முழுமையாக வாதுரைக்கும் உரிமை 1836இல்தான் கிடைத்தது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இரு பெரும் காப்புகளைத் தந்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது ஒன்று. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் தொழில்முறையில் நம்பிச் சொன்னதை அவர் வெளியிடலாகாது என்பது மற்றொன்று. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 340ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர் வக்கீலைக் கொண்டு வாதாடும் உரிமையை ஏற்றது. ஆனால் அதன் பொருள், வக்கீல் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்ற அளவே. வைத்துக்கொள்ளப் பொருளில்லாதவன் என்ன செய்வான் என்ற வினா அன்று பெரும்பாலும் எழவில்லை.

சட்டம் கற்றவரையும் சட்டம் கைவிட்ட காலம் அது. தூத்துக்குடியில் ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளை, கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை அடுத்து 1908 மார்ச்சில் கைதானார். ராஜத்துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. 1912இல் விடுதலையானபோது அவருடைய வழக்கறிஞர் சன்னது பறிபோயிருந்தது. தம் விடுதலையை இழந்தவர், பிறருக்காகப் பேசும் வாயையும் இழந்து நின்றார். அவ்வுரிமையை மீட்டளித்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் என்பது, அந்த இழப்பு அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதைக் காட்டும்.

பொருள் இருந்தால் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு சான்று. 1944 இறுதியில் கைதான எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணைக்காகத் திரும்பிவந்து, 1947இல் விடுதலையில் முடிந்தது. நாடறிந்த இருவருக்கே நீதி கிட்ட இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசமும் பெருஞ்செலவும் ஆயின. அதே சிறையில் பெயரறியாத ஏழைக் கைதிக்கு லண்டன் எவ்வளவு தொலைவு!

கிடைக்கச் செய்க என்ற காலம்

1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் புதிய பிரிவொன்றை முன்மொழிந்தார். தனிமனித விடுதலை பற்றிய பிரிவு நாடாளுமன்றத்துக்கு அளவிறந்த அதிகாரம் தந்துவிட்டது என்ற கண்டனத்துக்கு ஈடுசெய்யும் முயற்சி அது. அதுவே 22ஆம் பிரிவாயிற்று. எனினும் தடுப்புக் காவலில் வைக்கப்படுவோர்க்கு வழக்கறிஞர் உரிமை இல்லை என்ற விலக்கும் அப்பிரிவுக்குள்ளேயே இடம்பெற்றது. காப்பும் கதவும் ஒரே சுவரில் அமைந்தன.

அச்சுவரை விரிவாக்கியவர்களுள் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் முதன்மையானவர். பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்த அவர், 1948இல் பொதுவுடைமைக் கட்சியினருக்கு உதவினார் என்று ஒரு மாதம் சிறையிருந்தவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், உச்சநீதிமன்றத்தில் அவர் முன் வந்த வழக்கு ஓர் எழுத்தாளருடையது. ஒடியா நாவலாசிரியர் காளிந்தி சரண் பாணிக்கிராகியின் மகளும், தாமும் ஒடியா மொழியில் எழுதியவருமான நந்தினி சத்பதி, ஒரிசாவின் முதலமைச்சராக இருந்தவர். காவல்துறையினரின் வினாக்களுக்கு விடையளிக்க மறுத்ததற்காக அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கும் விடையைத் தராமல் மௌனம் காக்கும் உரிமை காவல்நிலையத்திலும் உண்டு எனவும், வழக்கறிஞரை உடன்வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு அதை மறுக்கலாகாது எனவும் தீர்ப்பாயிற்று. சொல்லையே தொழிலாகக் கொண்டவர் ஒருவரின் மௌனம், நாட்டார் அனைவருக்கும் உரிய காப்பாகியது.

அதே ஆண்டில் வேறொரு வழக்கு. சிறையிலிருந்த கைதி ஒருவருக்கு உயர்நீதிமன்றத் தீர்ப்பின் நகல் உரிய காலத்தில் கிடைக்காமையால் மேல்முறையீடு நான்காண்டுக்கு மேல் தாமதமாயிற்று. தீர்ப்பின் நகலை இலவசமாக அளிப்பதும், வறியவருக்கு மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவதும் அரசின் கடமை என்று கிருஷ்ணய்யர் எழுதினார். ‘தடையில்லை’ என்ற சொல் ‘கிடைக்கச் செய்க’ என்று மாறிய இடம் இது.

எழுதுகோல் திறந்த கதவுகள்

1979 ஜனவரியில் பீகார்ச் சிறைகளில் வாடிய விசாரணைக் கைதிகளைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் கட்டுரைகள் வெளிவந்தன. சாட்டப்பட்ட குற்றத்துக்கு உரிய உச்சத் தண்டனையினும் மிகுதியான காலத்தை, விசாரணையே இன்றிச் சிலர் சிறையில் கழித்திருந்தனர். அச்செய்தியை அடிப்படையாகக் கொண்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றத்தை நாடினார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு எனப் பெயர்பெற்ற அதில், இலவசச் சட்ட உதவி, உயிர்வாழும் உரிமையின் கூறு என்று நீதிபதி பகவதி அறிவித்தார். 1986இல் அருணாசலப் பிரதேச வழக்கொன்றில், கைதி கேட்கவில்லை என்பதற்காக உரிமை அற்றுப்போகாது என்று கூறி, வழக்கறிஞரின்றி விதித்த தண்டனையை உச்சநீதிமன்றம் நீக்கியது.

அதே 1986இல், காவல்நிலைய மரணங்கள் பற்றிய நாளிதழ்ச் செய்திகளை இணைத்து மேற்குவங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே.பாசு தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பரில், அக்கடிதத்திலிருந்து பதினொரு கட்டளைகள் பிறந்தன: கைதுக் குறிப்பு எழுதுதல், அதில் சாட்சி கையொப்பம் பெறுதல், உற்றாருக்கு அறிவித்தல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை, வழக்கறிஞரைச் சந்திக்க இசைவு முதலியன. செய்தித்தாளின் ஒரு பத்தியும் அஞ்சலில் போன ஒரு கடிதமும் செய்த வேலை இது.

மொழியின் பங்கு

நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே ஒருவனைப் பகைவனாக ஒலிக்கச் செய்யும் சொல் அது. அவனுக்கு விளங்காத மொழியில் காரணத்தைக் கூறுவதும், கூறாமல் விடுவதும் ஒன்றே. ஆங்கிலம் அறியாது இந்தி அறிந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் தடுப்புக் காவலின் காரணங்களைக் கொடுத்ததற்காக, அந்த ஆணையையே 1962இல் உச்சநீதிமன்றம் செல்லாதாக்கியது. கைதின் காரணம் கைதானவருக்கு விளங்கும் மொழியில் சென்றடைய வேண்டும் என்று 2025 பிப்ரவரித் தீர்ப்பும் வலியுறுத்தியது.

மறுபுறம், வழக்கறிஞரின் கடமையும் வரையறுக்கப்பட்டது. கோவையில் வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் மூண்ட மோதலைத் தொடர்ந்து, காவலர்களுக்காக எவரும் வாதாடலாகாது என அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. இத்தகைய தீர்மானங்கள் செல்லா என்று 2010இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. ஊரே வெறுப்பவனுக்கும் வக்காலத்தில் கையொப்பமிட ஒருவர் வேண்டும் என்பதே அதன் சாரம்.

மீண்டும் 340

1898இன் 340ஆம் பிரிவு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 303ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது மீண்டும் 340ஆம் எண்ணையே பெற்றது. எண் திரும்பியதே அன்றிப் பொருள் திரும்பவில்லை. அடுத்த 341ஆம் பிரிவு, வசதியற்றவருக்கு அரசின் செலவில் வழக்கறிஞரை அமர்த்தும் கடமையை நீதிமன்றத்தின்மேல் சுமத்துகிறது. விசாரணையின்போது முழு நேரமும் இல்லாவிடினும், இடையே வழக்கறிஞரைச் சந்திக்க 38ஆம் பிரிவு இடமளிக்கிறது. 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் இருப்போர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுவோர்க்கு வழி உண்டு.

ஆகவே, கைதாகும் ஒருவர் அறிய வேண்டுவன சிலவே: காரணத்தை எழுத்தில் கேட்டல்; உற்றாருக்குத் தெரிவிக்கச் சொல்லல்; படித்து விளங்காத தாளில் கையொப்பமிடாதிருத்தல்; தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கும் வினாவுக்கு மௌனம் காத்தல்; வழக்கறிஞரைக் கேட்டல்; அமர்த்திய வழக்கறிஞரிடம் உண்மையை மறைக்காதிருத்தல்; பொருள் இல்லையேல் அதை நடுவரிடம் கூறுதல்.

இச்சிலவற்றை அறியாமையாலேயே பலருடைய வாழ்வு சிறையில் கழிகிறது. நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் சேர்த்துவைத்த செல்வம், எளிய தமிழில் சொல்லப்படும்போதே எளியவர் கைக்கு வரும். சொல்லறிந்தோர் கூடும் அவைகளுக்கு அதில் ஒரு பங்குண்டு. கண்ணகியின் வாதம் காலம் கடந்து வந்தது. இனி ஒரு கோவலனுக்காக அது உரிய காலத்தில் ஒலிக்க வேண்டும்.