ஈசல் பிடித்தல்

ஈசல் பிடித்தல் என்பது, மழை பெய்து மண் நெகிழ்ந்தவுடன் கறையான் புற்றுகளினின்றும் கூட்டங்கூட்டமாகப் புறப்படும் சிறகுடைய கறையான்களைப் பிடித்து, வறுத்து உண்ணும் பருவகால வழக்கமாகும். தமிழகத்தின் பல பிரதேசங்களிலும் இது வழங்கி வந்ததெனினும், தாம்பரத்தைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையின் புதர்க்காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் ஜீவனம் நடத்திய இருளர் பழங்குடியினரே இதில் தேர்ந்த நிபுணர் எனலாம்.

வழக்கத்தின் தொன்மைக்குச் சங்க நூல்களே சாட்சி. அக்காலத்தில் ஈசலுக்கு ஈயல் என்று பெயர். பாரியை இழந்த கபிலர் பறம்பு நாட்டை நினைந்து பாடிய புறநானூற்று 119-ஆம் பாட்டு, கார்மழைக்குப்பின் செம்புற்றில் எழும் ஈயலையும் புளித்த மோரையும் அந்நாட்டின் வளத்தோடு சேர்த்துச் சொல்கிறது. அகநானூற்று 394-ஆம் பாட்டிலோ, செம்மறியாட்டுத் தயிரும் வரகரிசியும் ஈயலும் கூட்டி அட்ட சோறு, வெண்ணெய் உருகி வழிய, முல்லைநிலத்து விருந்தாகவே பரிமாறப்படுகிறது. ஏழையின் பண்டம் என்று பிற்காலத்தார் முகஞ்சுளித்த ஒன்றைப் புலவர்கள் விருந்தென்றும் வளமென்றும் கண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் இன்றளவும் ஈசல் சந்தைப் பொருளே. அங்கே அதை உண்பதில் பொதுவாகக் கூச்சமில்லை.

மழைக்கும் ஈசலுக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று. பறந்து சென்று ஜோடி சேர்ந்து, சிறகுகளை உதிர்த்துவிட்டு, மண்ணைத் தோண்டிப் புதுக்குடி தொடங்க வேண்டிய அப்பூச்சிக்கு, இளகிய நிலமும் ஈரக்காற்றும் இன்றியமையாதவை. வறண்ட நாளில் அதன் மெல்லுடல் உலர்ந்துபோகும். ஆகவே வானத்தை நோக்கி நாள் குறிப்பதும், எந்தப் புற்று இன்று திறக்கும் என்று அதன் வாயருகே புதுமண் துளைகளைப் பார்த்துச் சொல்வதும் இவ்வித்தையின் முதற்பாடம்.

பிடிக்கும் முறை எளியதாயினும் சாதுரியமானது. இரவாயின், புற்றருகே சிறு குழி தோண்டி, அதனுள் பானையை இறக்கி, பக்கத்தில் விளக்கேற்றி வைப்பர். ஒளியை நாடி வந்த ஈசல் பானைக்குள் விழும். பகலாயின், புற்றைத் தழையாலோ துணியாலோ மூடி இருளாக்கி, குழியின் பக்கம் மட்டும் வெளிச்சம் புக வழிவிடுவர். வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்து வருவது தானே குழியில் சேரும். புற்றை இடிக்க வேண்டிய தேவையே இதில் இல்லை. இடிக்காமைக்குக் காரணம் இரண்டு: மறு ஆண்டும் அதே புற்று வேண்டும் என்பது ஒன்று. மண் புற்றை அம்மனின் இருப்பிடமாக வணங்கி, பாலும் முட்டையும் வைக்கும் நாடு இது என்பது மற்றொன்று.

பிடித்தவற்றை மண்சட்டியிலிட்டு எண்ணெயின்றியே வறுப்பர். ஈசலின் உடற்கொழுப்பே அதற்குப் போதும். வறுபட்டபின் முறத்திலிட்டுப் புடைத்தால், காற்றில் சிறகுகள் பறந்துபோக, வறுத்த வேர்க்கடலை மணம் வீசும் பழுப்பு மணிகள் எஞ்சும். உப்பிட்டு, வறுத்த அரிசியோடும் பொரியோடும் கலந்தால் மழைநாள் மாலைக்கு அதைவிடத் தக்க தின்பண்டம் இல்லை என்பது ருசி கண்டவர் கட்சி. காயவைத்து மூடி வைத்தால் சில நாள் கெடாது. ஈசல் ஓய்ந்த சில நாட்களில் அதே புற்றுகளின் மேல் புற்றுக்காளான் முளைப்பதும் உண்டு. அதைப் பறிப்பது இவ்வழக்கத்தின் தங்கை எனலாம்.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் செங்கற்பட்டு இருளரையும் விவரிக்கிறது. இருளர் பாம்பு பிடிப்பதிலும் தேர்ந்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அவர்களது பாம்புத்தோல் வியாபாரம் நின்று, 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, விஷம் எடுக்கும் தொழிலாக அவர்களது பாம்பறிவு மறுவாழ்வு பெற்றது. ஈசலறிவுக்கு அத்தகைய அங்கீகாரம் எதுவும் கிடைக்கவில்லை.

தாம்பரம் பக்கத்து அஸ்தினாபுரத்தருகே நன்மங்கலம் காப்புக்காடு இன்னும் எஞ்சியிருக்கிறது. சுற்றியிருந்த புன்செயும் மேடும் மனைகளாயின. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த இப்பகுதியின் வீடுகளில், ஐப்பசி மழைக்கு மறுநாள் மாலை ஈசல் எழும்போது, ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதே வழக்கமாயிற்று. விடிந்ததும் வாசற்படியில் கிடக்கும் சிறகுகளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறார்கள்.