ஏரி வாரியமும் கார் பேட்டரியும்

பழைய மின்சார கார் வாங்கப் போகிறீர்களா? 100 சதவீதம் என்று திரை காட்டுவது சார்ஜைத்தான், பேட்டரியின் கொள்ளளவை அல்ல. நம் கூரம் செப்பேட்டில் பரமேசுவர தடாகம் வருகிறதே, அதைப் போன்ற ஏரியில் தூர் சேர்ந்தாலும் நிரம்பியதாகவே தெரியும். ஏரிகளைக் கவனிக்க உத்திரமேரூர் சபை தனி வாரியமே வைத்திருந்ததை 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா காரில் ஈய-அமில பேட்டரி. இந்த வகைக்கு ஹைட்ரோமீட்டர் போதும்: முழு சார்ஜுக்குப் பிறகும் ஒரு செல்லில் அமில அடர்த்தி குறைந்து நின்றால், அந்த செல் தளர்ந்துவிட்டது.

லித்தியத்தில் அது நடக்காது. 2010இல் வந்த நிசான் லீஃப், கொள்ளளவுக்கென்றே 12 கோடுகள் காட்டியது. முதல் கோடு மறைந்தால் சுமார் 15 சதவீதம் போயிற்று. நல்ல ஏற்பாடு! அப்படிக் காட்டாத காரென்றால், சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை எழுத்தில் வாங்கிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.