பழவேற்காடு: ஒரு பெயரும் பல குழப்பங்களும்

பழவேற்காடு ஏரியில் இருந்து படகு கரைக்கு வந்ததும் வலையில் கிடைத்தது எல்லாம் அப்படியே விலைக்குப் போய்விடாது. இறால் தனி, நண்டு தனி, மடவை தனி என்று மணலிலேயே பிரித்த பிறகுதான் ஐஸ் பெட்டிக்குப் போகும். பழைய ஆவணங்களில் இருக்கும் தகவல்களைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கும் இதே வேலை உண்டு. அந்த வேலை ஏன் அவசியம் என்பதற்கு இந்த ஊரின் வரலாறே நல்ல உதாரணம்.

டச்சுக்காரர்கள் 1610-ல் சந்திரகிரி அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று இங்கே வந்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சுக் கம்பெனியின் கணக்கு வழக்கெல்லாம் இங்கிருந்துதான் நடந்தது. துணிகள் கப்பல் ஏறின. பஞ்ச காலங்களில் மனிதர்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். கடைசியில், 1824-ல் போட்ட ஒப்பந்தப்படி 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் இன்று ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை என்று பிரிந்து கிடக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நெதர்லாந்தில் ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனம் 2022-ல் 'குளோபலைஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 50 லட்சம் பக்கக் கையெழுத்தைக் கணினியைக் கொண்டு படிக்க வைத்தது. அவற்றில் வரும் ஊர், ஆள், கப்பல், சரக்கு ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைப்பதும் அதன் நோக்கம். இப்படி ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு நிலையான முகவரி கொடுத்து இணைக்கும் முறைக்குத்தான் 'லிங்க்டு டேட்டா' என்று பெயர். இதற்கான விதிகளை டிம் பெர்னர்ஸ்-லீ 2006-ல் எழுதினார்.

வசதிதான், ஆனால் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. தனிப் புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால் அந்தப் புத்தகத்தோடு போயிற்று. இணைப்பில் ஒரு பிழை இருந்தால், அதை எடுத்தாளும் எல்லா இடத்துக்கும் அது பரவிவிடும்!

பழவேற்காட்டையே பாருங்கள். டச்சுக்காரர்கள் இதைப் பாலியகாத்தே என்றும் வேறு பல விதமாகவும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் புலிகாட். அதே 'புலிகாட்' ஊரையும் குறிக்கும், ஏரியையும் குறிக்கும், இந்தக் கரையில் இருந்து போன வண்ணக் கைக்குட்டைத் துணியையும் குறிக்கும். 'பகோடா' என்றால் ஒரு வரியில் கோயில், அடுத்த வரியில் தங்க நாணயம். கோட்டையின் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பம் என்ற மீனவ ஊர் இங்கே இருக்கிறது. புதுச்சேரியை ஒட்டி ஒரு கோட்டக்குப்பமும் இருக்கிறது.

தேதியும் இப்படித்தான். 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் புதிய கிரிகோரியன் காலண்டரையும், சென்னை ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் காலண்டரையும் பின்பற்றினார்கள். ஒரே நாளில் எழுதிய இரண்டு கடிதங்களில் 10 நாள் வித்தியாசம் தெரியும்.

இதனால்தான் புதிய தகவலை நேரே பொதுத் தொகுப்பில் கொட்டுவதில்லை. முதலில் தனியான ஒரு தற்காலிக இடத்தில் ஏற்றுகிறார்கள். இதற்கு 'ஸ்டேஜிங்' என்று பெயர். அங்கே விதிகள் சோதிக்கின்றன. உதாரணமாக, கெல்டிரியா கோட்டையில் இருந்து 1605-ல் எழுதிய கடிதம் என்று வந்தால் உடனே நிறுத்த வேண்டும், ஏனென்றால் அப்போது கோட்டையே இல்லை! துணி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஊரின் முகவரி இருந்தாலும் நிறுத்தலாம். மூல ஆவணத்தில் இருந்த எழுத்தை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகமானதை மனிதர் பார்த்து முடிவு செய்த பிறகே அது பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும்.

ஆனால் எல்லாப் பிழையும் விதிகளில் சிக்காது. டச்சுக்காரர்களிடம் அடிமைப்பட்டவர்களின் பெயருக்குப் பின்னால் 'வான் பெங்காலன்', 'வான் மலபார்' என்று ஊர் அல்லது நாட்டின் பெயர் சேரும். 'வான்' என்றால் 'இருந்து' என்று பொருள். அது பிறந்த இடமாக இருக்கலாம், விலைக்கு வாங்கிய இடமாகவும் இருக்கலாம், கப்பல் ஏற்றிய இடமாகவும் இருக்கலாம். உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, பஞ்சத்தில் விற்கப்பட்டு, பழவேற்காட்டில் கப்பல் ஏறிய ஒருவருக்குப் 'பிறந்த ஊர்: பழவேற்காடு' என்று பதிந்தால் கணினி ஒன்றும் சொல்லாது. ஊர் சரி, ஆண்டு சரி, எழுத்தும் சரி. ஆனால் அவருடைய சொந்த ஊர் இரண்டாவது முறையாக அவரிடம் இருந்து பறிபோகிறது. பல தலைமுறை கழித்துத் தென்னாப்பிரிக்காவில் முன்னோரைத் தேடும் ஒருவர் தவறான கரையில் வந்து நிற்பார்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது எளிது. 'கப்பல் ஏறிய துறைமுகம்' என்ற கட்டத்தில் பழவேற்காடு என்று எழுதலாம். 'பிறந்த ஊர்' என்ற கட்டத்தை, சான்று கிடைக்கும் வரை காலியாகவே விட்டுவைக்க வேண்டும்.