ஊவாத் தோட்டங்களின் பாலும் தொழுவத்தின் நிலமும்

ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களுக்கு மாடு முதலில் வந்தது பாலுக்காக அன்று, எருவுக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதுளை, அப்புத்தளை, மடுல்சீமை மலைகளில் கோப்பி பயிரிட்ட துரைமார், சரிவு நிலத்தின் மேல்மண் மழையில் கரைந்து வளம் குன்றுவதைக் கண்டு, தோட்டத்துக்குள்ளேயே மாட்டுப்பட்டிகளை அமைத்து, அவற்றுக்கெனக் கினிப்புல் வளர்த்து, சாணத்தைச் செடிகளின் அடியில் இடச் செய்தனர். இலங்கையில் கோப்பி இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இதே மடுல்சீமையில்தான். அந்நோய் இரு பத்தாண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்த, அதன் இடத்தில் தேயிலை வேரூன்றி, காலப்போக்கில் இரசாயன உரமும் பரவியபோது, நிர்வாகத்துக்குப் பட்டியின் தேவை குறைந்தது. மாடு தொழிலாளரின் உடைமையாயிற்று.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்து, லயம் எனப்படும் வரிசை அறைகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள், நிர்வாகத்தின் அனுமதியோடு லயத்தின் அருகே பலகையும் தகரமும் கொண்டு தொழுவம் எழுப்பி, ஒன்றிரண்டு பசுக்களை வளர்த்தன. நாட்சம்பளத்துக்கு அப்பால் குடும்பத்தின் கைக்கு வந்த மிகச் சில வருமானங்களுள் பால் ஒன்று. சாணம் மரக்கறிப் பாத்திக்குப் போயிற்று. தேயிலை மலையின் ஓரங்களிலும், ஓடைக்கரைகளிலும், பத்தனா எனப்படும் மானாப்புல் வெளிகளிலும் புல் அறுக்கப்பட்டது. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்களே பெரும்பாலும் அந்தப் புல்லையும் சுமந்தனர் என்பதும், அவ்வுழைப்பு தோட்டத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதும் இவ்வரலாற்றில் அழுத்திச் சொல்லப்பட வேண்டியவை.

இந்தப் பாலுக்குத் தர அளவீடு வந்தது சந்தையின் வழியாக. 1950களில் நிறுவப்பட்ட தேசிய பால் சபையும், 1986இல் அது கம்பனியாக மாற்றப்பட்டபின் உருவாகி இன்று மில்கோ என அறியப்படும் அரச நிறுவனமும், பின்னர் ஊவாவின் புத்தளையில் ஆலை அமைத்த பெல்வத்தை போன்ற தனியார் நிறுவனங்களும் பாலைச் சேகரிப்பு நிலையங்களில் கொள்முதல் செய்தன. அங்கே பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானி தண்ணீர்க் கலப்பைப் பிடித்தது. சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த அமிலச் சோதனை கொழுப்பின் அளவைக் கொடுத்தது. கொழுப்பையும், கொழுப்பு நீங்கலான புரதம், பால்வெல்லம், உப்புகள் ஆகிய திண்மங்களையும் கொண்டு விலை தீர்க்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் கலப்பட உணவைத் தடைசெய்தது. ஆக, சோதிக்கப்பட்டது கேனில் வந்து சேர்ந்த பால் மட்டுமே. அது கறக்கப்பட்ட தொழுவம் எவருடைய கணக்கிலும் இல்லை.

பண்ணை உறுதித் தரம் என்பது இந்த முறையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. பொருளை மட்டும் சோதிக்காமல், அது விளைந்த இடத்தையும் வளர்ப்பு முறையையும் வெளியார் ஒருவர் பரிசோதித்துச் சான்றளிப்பதே அதன் சாரம். இவ்வகைச் சான்றான பிரித்தானியாவின் சிவப்பு உழவு இயந்திர முத்திரை 2000இல் தொடங்கியது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சர்வதேசப் பால்பண்ணைக் கூட்டமைப்பும் 2004இல் வெளியிட்டு 2011இல் திருத்திய வழிகாட்டி, விலங்கு நலம், கறவைத் தூய்மை, தீவனமும் நீரும், சுற்றுச்சூழல் ஆகியவற்றோடு உழைப்போரின் சமூகப் பொருளாதார நிலையையும் தரத்தின் பகுதியாக்கியது. இதன் அவசியத்தை இலங்கை 2013இல் நேரடியாகக் கண்டது. நியூசிலாந்துப் புல்வெளிகளில் நைதரசன் இழப்பைக் குறைக்க இடப்பட்ட டிசிடி என்னும் வேதிப்பொருள் இறக்குமதிப் பால்மாவில் இருப்பதாகக் கூறப்பட்டு, சில பால்மாக்களின் விற்பனை இங்கே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதனால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்று நியூசிலாந்து அதிகாரிகள் விளக்கினாலும், புல்லில் இட்டது பாலில் வரும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. லயத்துப் பாலுக்கும் இது பொருந்தும்: மடிவீக்க நோய்க்கு மருந்தேற்றிய ஒரு பசுவின் பாலை உரிய நாட்கள் ஒதுக்கிவைக்காமல் ஊற்றினால், பல வீட்டுப் பால் ஒன்றுசேரும் தாங்கி முழுவதும் பழுதாகும். பால்மானி அதைக் காட்டாது.

ஆயினும் சான்றிதழ் கேட்கும் சிமெந்துத் தரை, கழிவுநீர் வடிகால், தூய நீர்க்குழாய் ஆகியவற்றைத் தனக்குச் சொந்தமில்லாத மண்ணில், எப்போது வேண்டுமானாலும் அகற்றச் சொல்லப்படக்கூடிய கொட்டிலில், ஒரு தொழிலாளி எந்த நம்பிக்கையில் கட்டுவார்? அண்மைக் காலத் தோட்ட வீடமைப்பில் வழங்கப்பட்ட 7 பேர்ச் காணியும், அதாவது ஏறக்குறைய 177 சதுர மீற்றர், வீட்டுக்கே அளவாக இருந்தது. இதே தோட்டங்களின் தேயிலை வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்காகப் பரிசோதிக்கப்பட்டு வந்துள்ளது; அந்தச் செலவைத் தாங்கக் கம்பனி இருக்கிறது, ஒற்றைப் பசுக்காரருக்கு அப்படி எவருமில்லை. சிறு தேயிலைச் செய்கையாளர் பெறும் குழுச் சான்றிதழைப் போல, டிவிஷன் எனப்படும் ஒரு தோட்டப் பிரிவின் மாட்டுக்காரர் அனைவரும் ஒரே பொதுத் தொழுவத்துக்கும் ஒரே மருந்துப் பதிவேட்டுக்கும் பொறுப்பேற்பதே இங்கு நடைமுறைக்கு ஏற்ற வழி. அதற்கும் எழுத்திலான நில உரிமை வேண்டும். 1992இல் தனியார்மயத்தோடு உருவான பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையே 2045 வரையானது என்பதால், அதற்கு அப்பாலும் நிலைக்கும் உரிமையை நிலத்தின் உரிமையாளரான அரசுதான் எழுதிக்கொடுக்க முடியும்.