பாட்டியின் சொல்லும் பதிவேட்டின் எண்ணும்



மறைந்த ஒருவரை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். நினைவு என்ற சொல்லை எடுத்ததும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டனின் பெயர் தெரியும்? ஊர்த்தெருவில் ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். மிராசுப் பத்திரமும் கோயில் முதல் மரியாதையும் அந்தப் பெயர்களைக் காத்து வந்திருக்கின்றன. சேரியில் மூன்றாம் தலைமுறையோடு பெயர் நின்றுபோகிறது. இதற்கு நம் மறதி காரணமல்ல. நிலம் இருந்தவனுக்குப் பத்திரம் இருந்தது. பத்திரம் இருந்தவனுக்கு வம்சாவளி இருந்தது. பண்ணையாளாகவும் படியாளாகவும் வைக்கப்பட்டவர்களுக்கு இரண்டும் மறுக்கப்பட்டன.

அதனால் ‘நமக்கு ஆவணமே இல்லை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இது பாதி உண்மைதான். நாம் எழுதிவைத்தது குறைவு. நம்மைப் பற்றி எழுதிவைக்கப்பட்டது ஏராளம். வரி வாங்கியவர்கள் எழுதினார்கள். கப்பலேற்றியவர்கள் எழுதினார்கள். ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் எழுதினார்கள். அவரவர் தேவைக்கு எழுதியதை நம் தேவைக்கு வாசிப்பதுதான் நம் முன் இருக்கும் வேலை.

நிலத்திலிருந்து தொடங்குவோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாததால் அம்மக்கள் மிராசுதாரர்களுக்கு அடங்கிக் கிடக்க நேர்ந்ததை அதில் விவரித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் வருவாய்த் துறை அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் நிலங்கள் இந்த ஏற்பாட்டில் வழங்கப்பட்டவை. முதல் பத்து ஆண்டுகள் அவற்றை யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை.

இந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போன கதை நமக்குத் தெரியும். ஆனால் ‘ஏரிக்கரை ஓரம் புளியமரம் வரைக்கும் எங்க தாத்தா உழுத நிலம்’ என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர் சொல்லும் எல்லைக்கு ஒரு புல எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பழைய ‘அ’ பதிவேட்டைத் தேட வேண்டும். நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலமாக இருந்தால், குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ என்றோ நிபந்தனை நிலம் என்றோ எழுதியிருக்கக்கூடும். 1980களில் யு.டி.ஆர். திட்டத்தில் தயாரான பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. பழையதில் இருந்த குறிப்பு புதியதில் விடுபட்டிருக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘இல்லை’ என்று சொன்னால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்க வேண்டும். இடையில் நிலம் யாருக்குப் போனது என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றிதழ் காட்டும். 1909 முதல் எழும்பூரில் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தில் அக்காலத்து அரசாணைகளையும் வருவாய்த் துறை நடவடிக்கைகளையும் பார்க்கலாம்.

காப்பகத்தில் தேடும்போது எந்தச் சொல்லால் தேடுகிறோம் என்பது முக்கியம். ஆதிதிராவிடர் என்ற சொல்லை அரசு ஏற்றது 1922இல். அதற்கு முந்தைய கோப்புகளில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைப்பது அரிது. பறையர், பஞ்சமர் என்று நம்மை இழிவுபடுத்த வழங்கிய பெயர்களிலேதான் தேட வேண்டியிருக்கும். வலிக்கத்தான் செய்யும், ஆனால் கதவு அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் எண்ணிக்கைதான் இருக்கும். பாட்டனின் பெயர் இருக்காது.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பதிவேட்டில் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பார்த்ததும் நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து வைத்த பெயர் அது. அந்த ஒரு பெயருக்குள் எழுதப்படாமல் போன பிள்ளைகளும் ஒரு தாயின் பிடிவாதமும் இருக்கலாம். எல்லாப் பெயரும் ஆண்டை வைத்த பெயரல்ல.

கடல் கடந்தவர்களின் தடமும் இருக்கிறது. 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நேட்டால் சென்றது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஓடிப்போனால் அடையாளம் காணத் தழும்பைக் குறித்தார்கள். இன்று டர்பனில் இருக்கும் பேரப்பிள்ளை தன் ஊரைக் கண்டுபிடிக்க அந்தப் பட்டியல் உதவுகிறது. ‘அண்ணன் கப்பலேறிப் போனான், திரும்பவேயில்லை’ என்று இங்கே ஒரு குடும்பம் சொல்லிவரும் கதையின் மறுபாதியும் அதில் இருக்கலாம்.

பிறர் எழுதியதை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், கோலார் தங்கவயல் போன்ற இடங்களில் இருந்த பௌத்த சங்கங்களின் செய்திகளைப் பெயர்களோடு வெளியிட்டது. அவற்றில் சாதாரணத் தொழிலாளிகளின் பெயர்களும் உண்டு. அந்த இதழ்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அவற்றைக் காத்து வைத்ததுதான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பிறகே புதிய தலைமுறை அவற்றைப் பரவலாக வாசிக்க முடிந்தது. ஒரு வீட்டின் பெட்டி ஒரு சமூகத்தின் நூலகமாக இருந்திருக்கிறது.

ஆகவே வேலையை வீட்டில் தொடங்குவோம். முதியவர்களிடம் கேட்போம், குலதெய்வம் எங்கே, பெண் கொடுத்த ஊர் எது, பஞ்சத்தில் எங்கிருந்து வந்தோம் என்று எழுதிக்கொள்வோம். பிறகு பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, நிலப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் போவோம். பதிவேடும் பாட்டியும் முரண்பட்டால் உடனே பாட்டியைத் தள்ளிவிட வேண்டாம். பதிவேட்டை எழுதிய கர்ணம் சேரிக்குள் கால் வைத்தாரா என்று முதலில் கேட்போம்.

இது பழம்பெருமை தேடும் வேலையல்ல. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். பதிவேட்டில் ஒரு வரி என்பது இந்த மண்ணில் எத்தனை கனமானது என்பதற்கு அவர்கள் சாட்சி. அந்த வரியைத் தேடி எடுத்துப் படி வாங்கி வைப்பது அவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியில் ஒரு பகுதி.

இந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் இன்றிரவே வீட்டின் மூத்தவரிடம் ஒரு பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வோம். நாளை அந்தப் பெயரோடு அலுவலக வாசலில் போய் நிற்போம்.