'டிரம்மர்' முதல் 'ஓரினம்' வரை: இதழ்வழிச் சமூக உருவாக்கம்
இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கத் தன்பாலீர்ப்பு ஆண்களிடையே தோலாடைப் பண்பாடு வளர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1954இல் தோன்றிய 'சேட்டர்ஸ்' மோட்டார் சைக்கிள் குழு அதன் தொடக்கக்கால அமைப்புகளுள் ஒன்று. அந்நகரிலேயே 1975இல் வெளிவரத் தொடங்கிய 'டிரம்மர்' இதழ், கதைகளாலும் வாசகர் விளம்பரங்களாலும் சிதறி வாழ்ந்தோரை இணைத்தது.

இதழ்வழி இணையும் இம்முறை இந்தியாவிலும் நிகழ்ந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தபோதே, 1990இல் அசோக் ராவ் கவி மும்பையில் 'பாம்பே தோஸ்த்' இதழைத் தொடங்கினார்.

தமிழில் இப்பணிக்குச் சொல்லாக்கமும் வேண்டியிருந்தது. இழிசொற்களுக்கு மாற்றாக மதிப்புடைய சொற்களைச் சென்னையின் 'ஓரினம்' அமைப்பு தன் இருமொழி எழுத்துகளில் பரப்பியது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து, 2022இல் தமிழக அரசு இத்துறைச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சட்டச் சொல்லாட்சிக்கு முன்னோடியான இவ்வெளியீடுகளைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகத் தொகுத்துக் காப்பது தமிழாய்வின் கடமையாகும்.