பனிமேல் ஓடும் வண்டி

மனிதன் தனக்கென ஆக்கிக்கொண்ட கருவிகளிற் பல, முதலில் தேவையின் பொருட்டுப் பிறந்து, பின்னரே பொழுதுபோக்குக்கு உரியவை ஆயின. மீன் பிடிக்கச் சென்ற படகு பந்தயப் படகாயிற்று. போருக்குச் சென்ற குதிரை விளையாட்டுக் களத்துக்கு வந்தது. இம்மாற்றங்கள் நிகழப் பல நூற்றாண்டுகள் சென்றன. ஆனால் ஒரு தனி மனிதருடைய வாழ்நாளுக்குள்ளேயே இம்மாற்றத்தை அடைந்த சாதனம் ஒன்று உண்டு. அதுவே ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டி.

பனிவண்டியைக் கண்டிராத நம் நேயர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். முன்புறத்தில் தரையைத் தொட்டுச் செல்லும் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறத்தில் இடைவிடாது சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை, அதனைச் சுழற்ற ஓர் எஞ்சின், மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் அமர்ந்து ஓட்ட ஓர் இருக்கை, இவ்வளவே பனிவண்டி. கானடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலும், ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் குளிர்காலம் நெருங்கும்போது புதிதாக இதனை வாங்க விரும்புவோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பனித்தடங்களில் உல்லாசமாகச் சென்றுவர முதன்முதலாக வாங்கத்தக்க வண்டி எது? எஞ்சினின் வலிமையைக் கொண்டே இதற்கு விடை காண முயல்பவர் பலர். இவ்வண்டியின் வரலாறு தரும் விடையோ வேறு.

பனியில் செல்வதற்குள்ள இடையூறு என்ன என்பதை முதலில் உணர வேண்டும். புதிதாக விழுந்த பனி, மணலைவிட இளகியது. சக்கரம் அதன் பாரம் முழுவதையும் சிறிதளவு இடத்திலேயே செலுத்துவதால் பனியில் புதைந்துவிடுகிறது. ஆகவே பாரத்தைக் குறைத்தல், அதனைத் தாங்கும் பரப்பை அகலமாக்குதல் என்னும் இரண்டு வழிகளே உள்ளன. ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸின் மோட்டார் வண்டிகளைக் கவனித்து வந்த அடால்ப் கெக்ரெஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், பின்சக்கரங்களுக்குப் பதிலாகச் சுழலும் பட்டைகளை அமைத்துப் பனியில் காரை ஓடச் செய்தார். பரப்பு அகன்றது; ஆனால் பாரம் குறையவில்லை.

இனி கானடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கூர் என்னும் சிற்றூருக்குச் செல்வோம். அங்கே 1907-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1922-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, பதினைந்து வயதுச் சிறுவராக இருந்த அவர், பழைய போர்டு காரின் எஞ்சினைச் சறுக்குவண்டிகளின்மீது ஏற்றி, விமானத்தில் உள்ளது போன்ற விசிறியைப் பின்புறம் பொருத்தி, தம் சகோதரருடன் ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டினார். பாதுகாப்பின்றிச் சுழன்ற அவ்விசிறியைக் கண்டு அஞ்சிய தந்தையார், வண்டியை உடனே பிரித்துவிடுமாறு கட்டளையிட்டார். மகனும் பணிந்தார், எண்ணத்தை மட்டும் கைவிடவில்லை. பத்தொன்பதாம் வயதில் சொந்தமாக மோட்டார்ப் பட்டறை ஒன்றைத் தொடங்கி, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சோதனைகள் செய்துவந்தார்.

அக்காலத்தில் கியூபெக் கிராமங்களின் பாதைகள் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்பட்டுக் கிடந்தன. மோட்டார் கார்கள் இளவேனில் வரும்வரை கொட்டகையிலேயே முடங்கின. 1934-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய் கண்டது. உடனே அறுவை சிகிச்சை வேண்டும். மருத்துவமனையோ தொலைவில் இருந்தது. பட்டறையில் பிரித்துப் போட்ட நிலையில் இருந்த சோதனை வண்டி உதவவில்லை. குழந்தை இறந்தது. இத்துயரத்துக்குப் பின் அவருடைய உழைப்பு இன்னும் தீவிரமாயிற்று. ரப்பர் பூசிய பற்சக்கரமும் அதனுடன் இணைந்து சுழலும் பட்டையுமாகிய ஓர் அமைப்பை 1935-ஆம் ஆண்டளவில் கண்டார். 1937-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரும் வண்டியும், அதன்பின் பன்னிருவர் அமரும் வண்டியும் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. மருத்துவர்கள் நோயாளிகளை நாடிச் சென்றதும், குழந்தைகள் பள்ளி சென்றதும், தபால் மூட்டைகள் ஊர்தோறும் சேர்ந்ததும் இவ்வண்டிகளாலேயே. இதுகாறும் பனிவண்டி முற்றிலும் தேவைக்குரிய சாதனமாகவே இருந்தது.

1948-ஆம் ஆண்டில் கியூபெக் அரசாங்கம் குளிர்காலத்தில் கிராமப் பாதைகளிலும் பனியை அகற்ற ஏற்பாடு செய்தது. ஊருக்கு நன்மை, பொம்பார்டியேயின் தொழிலுக்கோ பேரிடி! கார்கள் ஆண்டு முழுவதும் ஓடலாயின. பெரிய பனிவண்டியை வாங்குவாரில்லை. அவர் சோர்ந்துவிடாமல் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வேலை செய்யும் பட்டைவண்டிகளைச் செய்து தொழிலை நிலைநிறுத்தினார். அத்துடன், ஒருவரோ இருவரோ செல்லும் சிறு வண்டியைப் பற்றிய தம் இளமைக் கனவுக்கும் திரும்பினார்.

சிறு வண்டியைக் கனவு கண்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் கார்ல் எலியாஸன் என்பவர் 1924-ஆம் ஆண்டிலேயே ஒரு படகு மோட்டாரையும், சைக்கிள் உறுப்புகளையும், சறுக்குக் கட்டைகளையும் இணைத்து ஒரு வண்டி செய்தார். காலில் குறையுடைய அவர், பனியில் வேட்டைக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஈடாகத் தாமும் செல்ல வேண்டும் என்னும் ஆவலால் செய்தது அது. 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின்னஸோட்டா மாநிலத்து ரோஸோ என்னும் ஊரில் ஒரு சிறு தொழிற்கூடத்தார் செய்த முதல் பனிவண்டி 465 டாலருக்கு விலையாயிற்று. அத்தொழிற்கூடமே பின்னர்ப் போலாரிஸ் எனப் பெயர் பெற்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவராகிய எட்கர் ஹெட்டீன் 1960-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் பெத்தெல் நகரிலிருந்து பேர்பாங்க்ஸ் வரை, ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவைப் பனிவண்டியிலேயே கடந்து காட்டினார்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1959-இல், பொம்பார்டியேயின் சிறு வண்டி வெளிவந்தது. எடை குறைந்த எஞ்சின்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கியிருந்ததும், இணைப்பற்ற ஒரே வளையமாக ரப்பர்ப் பட்டையை வார்க்கும் முறையை அவர் கண்டதும் இதனைச் சாத்தியமாக்கின. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்குப் பதிலாக மதபோதகர்களுக்கும் வேட்டையாடுவோருக்கும் பயன்படும் என்று கருதி, 'பனிநாய்' என்னும் பொருள்பட ஸ்கீ-டாக் எனப் பெயரிட எண்ணினர். அது ஸ்கீ-டூ ஆயிற்று. அதன் எஞ்சின் 7 குதிரைச் சக்தி அளவினதே. முதற்பருவத்தில் விற்றவை 225. வாங்கியவர்கள் வேலை முடிந்த பிறகும் வண்டியை விட்டு இறங்கவில்லை! குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்களுக்கு வெண்பனிக் காடுகள் திறந்துவிடப்பட்டன. 1963-64 பருவத்தில் விற்பனை எட்டாயிரத்தைக் கடந்தது. 1964 பிப்ரவரியில், தம் ஐம்பத்தாறாம் வயதில், பொம்பார்டியே காலமானார்.

அதன்பின் எழுந்தது ஒரு பெருவெள்ளம். நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பனிவண்டி செய்யப் புகுந்தன. 1971-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் விற்றவை ஐந்து லட்சத்தை நெருங்கின. தொல்லைகளும் உடன் வளர்ந்தன. இரவில் உறக்கம் கெடுக்கும் ஓசை, பிறர் வயலில் அத்துமீறல், மறைந்திருக்கும் வேலிக் கம்பியில் மோதுதல், மெல்லிய பனிக்கட்டி உடைந்து ஏரியில் மூழ்குதல் எனக் குறைகள் பெருகின. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், மத்திய அரசாங்க நிலங்களில் இத்தகைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். 1973-இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியும் சேர, பெரும்பாலான நிறுவனங்கள் மறைந்தன.

இக்குழப்பத்திலிருந்து பிறந்த நற்பயனே பனித்தடம். நில உடைமையாளரின் இசைவு பெற்று, மரங்களிடையே வழி வகுத்து, வழிகாட்டிப் பலகைகள் நாட்டி, பனியைச் சமன் செய்து பராமரிக்கும் வேலையை ஊர்தோறும் தோன்றிய சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. கியூபெக்கில் மட்டும் இன்று 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடங்கள் உள்ளன. அவற்றைப் பேணும் பணியிற் பெரும்பகுதி தொண்டர்களின் உழைப்பே. ஆகவே தடத்தில் செல்பவர் பிறருடைய நிலத்திலும் பிறருடைய உழைப்பின்மீதும் செல்கிறார் என்பதை மறத்தலாகாது.

இனி, முதல் வண்டியைத் தேர்தல் எங்ஙனம் என்று காண்போம். காலப்போக்கில் பனிவண்டிகள் தொழிலுக்கேற்ப இனம் பிரிந்துவிட்டன. மலைச்சரிவில் ஆழ்ந்த பனியில் ஏறும் வண்டிக்குப் பட்டை நீளம். ஏறத்தாழ 4 மீட்டர் வரையும் அதற்கு மேலும் இருக்கும். பட்டையின் மேலுள்ள புடைப்புகளும் இரண்டு, மூன்று அங்குல உயரம் உடையவை. சமன் செய்யப்பட்ட தடத்துக்கு இவை தேவையில்லை. அங்கே ஏறத்தாழ மூன்றரை மீட்டர் பட்டையும், ஓர் அங்குலத்தை ஒட்டிய புடைப்பும் போதுமானவை. திருப்பங்களில் வண்டி எளிதில் வளையும். மலைவண்டியின் தோற்றத்தில் மயங்கி அதனைத் தடத்துக்கு வாங்குவோர், அதனுடன் ஒவ்வொரு திருப்பத்திலும் போராட நேரும்.

அடுத்தது வலிமை. இக்காலத்தில் 150 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட வண்டிகள் பல உண்டு. புதியவருக்கோ 60 குதிரைச் சக்தியை ஒட்டிய வண்டியே தக்கது. இது குறைவென்று எண்ண வேண்டா. முதல் ஸ்கீ-டூவின் வலிமையைப் போல் எட்டு மடங்குக்கு மேலாகும். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ரால்ப் பிளேஸ்டெட் என்னும் அமெரிக்கரும் அவர் குழுவினரும் வட துருவத்தை அடைந்தது 16 குதிரைச் சக்தி வண்டிகளிலேயே. சிறு எஞ்சின்களுட் சில விசிறிக் காற்றால் குளிர்பவை. பெரிய எஞ்சின்கள் திரவத்தால் குளிர்பவை. பட்டை வாரியிறைக்கும் பனி பட்டே அத்திரவத்தின் வெப்பம் தணிகிறது. பனி குறைந்து கட்டித்துக் கிடக்கும் நாட்களில் அவை சூடேறிவிடும். புதியவருக்கு விசிறி வகை தொல்லை குறைந்தது, விலையும் குறைவு.

வண்டியில் ஏறி அமர்ந்து பார்த்தே வாங்க வேண்டும். கைப்பிடி கைக்கு எட்டுகிறதா, பாதங்கள் உறுதியாக ஊன்றுகின்றனவா, பனியில் சிக்கினால் நண்பர் ஒருவர் துணையுடன் தூக்கிவிட இயலுமா என்பன விலைப்பட்டியலில் காணக் கிடைப்பவை அல்ல. பழைய வண்டியாயின் பட்டையில் கிழிசல் உளதா என்று நோக்குக. பழுது பார்ப்பவரும் உறுப்புகளும் அண்மையில் கிடைப்பதும் இன்றியமையாதது. 1968 முதல் பனிவண்டி செய்துவந்த ஜப்பானிய யமஹா நிறுவனம் இத்தொழிலிலிருந்து விலகுவதாக 2023-ஆம் ஆண்டில் அறிவித்ததை நினைவிற் கொள்க. தலைக்கவசமும் முறையான பயிற்சியும் வண்டியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடத்தக்கவை. உறைந்த ஏரியின் கனத்தை அறியாமல் அதன்மீது செல்லலாகாது. எத்துணை வலிய எஞ்சினும் அங்கே காப்பாற்றாது.

நம் நாட்டிலும் குல்மார்க்கில் உல்லாசப் பயணிகள் ஏறும் வண்டியாகவும், ஸியாச்சின் பனிவெளியில் நம் போர்வீரர்களுக்குத் துணையாகவும் ஸ்னோ ஸ்கூட்டர் என்னும் பெயரில் இதே வண்டி விளங்குகிறது. தேவையும் விளையாட்டும் இன்றும் அதனை விட்டுப் பிரியவில்லை.

பனிவண்டியைப் பனிமேல் நிறுத்தியது வலிமையன்று. எடைக் குறைவும் இடத்துக்கேற்ற அமைப்புமே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்று ஒரு பட்டறைக்காரர் கண்ட உண்மை இது. முதல் வண்டியை வாங்குவோர் இதனை அளவுகோலாகக் கொள்வாராயின், விளையாட்டாகச் சென்றவர் வீடு திரும்பாத துன்பங்கள் பெரிதும் குறையும்.